புதுச் சமையலறையில் ஓவனை எந்த உயரத்தில் வைப்பது? முழங்கையிலிருந்து கணக்குப் போடுங்கள்

புது வீடு கட்டுகிறவர்கள் எங்களைக் கூப்பிட்டதும் கேட்பது, "ஓவனுக்கு எத்தனை அடியில் இடம் விடணும்?" என்று. அடிக்கணக்கில் ஒரே பதில் சொல்ல முடியாது. "யார் சமைக்கப் போறாங்களோ அவங்க கொஞ்சம் செவுத்தோரம் வந்து நில்லுங்க" என்றுதான் நான் சொல்வேன். ஓவனின் உயரத்தை முடிவு செய்வது அவர்களுடைய முழங்கை.

வேலூர் சத்துவாச்சாரியில் நானும் என் வீட்டுக்காரரும் சமையலறை மரவேலை எடுத்துச் செய்கிறோம். அறுப்பது, பூட்டுவது எல்லாம் அவரும் ஆட்களும். அளவெடுப்பது, வரைவது, வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவது என் பொறுப்பு. காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் வரை போய் வருகிறோம். சமையல் மேடையின் உயரத்துக்கு எல்லோரும் கொஞ்சமாவது யோசிக்கிறார்கள். ஓவனுக்கு யாரும் யோசிப்பதில்லை. மேடையில் காய் நறுக்கும்போது உயரம் சரியில்லை என்றால் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். ஓவனில் உயரம் சரியில்லை என்றால் 200 டிகிரி சூட்டில் இருக்கிற தட்டு முகத்துக்கு நேராக இறங்கும். அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது இது: நீங்கள் தூக்கப்போவது தட்டை. அதனால் தட்டு எந்த உயரத்தில் நிற்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெட்டியின் அடிப்பாகம் எங்கே வரும் என்பது அதற்கப்புறம் கழித்துப் பார்த்தால் தானாகக் கிடைக்கும். கடைக்காரர்களும் ஆசாரிகளும் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மேடையின் விளிம்பும் ஓவனின் அடிக்கோடும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று அங்கே வைத்துவிடுகிறார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும்.

அளவெடுக்கும் விதம்

செருப்பில்லாமல், வெறுங்காலோடு நில்லுங்கள். நம் வீட்டில் வெறுங்காலோடுதானே சமைக்கிறோம். குதிகால் சுவரைத் தொடட்டும். தோளைத் தளர்த்தி, கையை மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையாக நீட்டுங்கள், ஒரு தட்டைப் பிடித்திருப்பது போல. முழங்கையின் அடிப்பகுதி எங்கே இருக்கிறதோ அங்கே சுவரில் பென்சிலால் ஒரு கோடு. தோள்பட்டையின் மேல் எலும்புக்கு நேராக இன்னொரு கோடு. தரையிலிருந்து இரண்டையும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அளவெடுக்கும்போது பலர் விறைப்பாக நிற்பார்கள், தோள் ஒரு அங்குலம் மேலே போய்விடும். நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பேன். பேச ஆரம்பித்தால் தோள் தானாக இறங்கும்.

5 அடி 1 அங்குலம் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் வரும், தோள் 50 அங்குலத்தில். இது எல்லோருக்கும் பொருந்தாது, கை கால் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கணக்கு எப்படிப் போகிறது என்று காட்ட இந்த அளவையே வைத்துக்கொள்கிறேன்.

சமையல் மேடை முழங்கைக்கு 4 அல்லது 5 அங்குலம் கீழே இருந்தால் வசதி. அவருக்கு அது 33, 34 அங்குலம். ஓவன் தட்டும் கிட்டத்தட்ட அதே மட்டத்தில், முழங்கைக்கு 3 அங்குலம் கீழே இருப்பது நல்லது. அப்போதுதான் முன்கை சற்றே கீழ்நோக்கிச் சரிந்து, மேல்கை உடம்போடு ஒட்டியிருக்கும். பாரத்தை உடம்பு தாங்கும், மணிக்கட்டு தாங்க வேண்டியதில்லை. தட்டை வெளியே இழுத்து அப்படியே பக்கவாட்டில் மேடைமேல் வைத்துவிடலாம், ஏற்றி இறக்கும் வேலையே இல்லை. ஆக, தட்டு 35 அங்குலம்.

இப்போது சுவரில் பதிக்கிற ஓவனை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அளவு 60 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம். அதாவது ஏறக்குறைய 23½ அங்குலம். இதில் நடுத் தட்டு, பெட்டியின் அடியிலிருந்து சுமார் 10 அங்குலத்தில் இருக்கும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், அதனால் கடையில் ஓவனைத் திறந்து டேப்பை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. 35-இலிருந்து 10-ஐக் கழித்தால் 25. பெட்டியின் அடி தரையிலிருந்து 25 அங்குலத்தில் நிற்க வேண்டும். கீழே 4 அங்குலம் ஸ்கர்ட்டிங் (அலமாரிக்கு அடியில் தரையோரம் வரும் பட்டை) போனால் மீதி 21 அங்குலம். அதில் இரண்டு ஆழமான இழுப்பறை தாராளமாக வரும். கேக் டின், தட்டு, துணிக் கையுறை எல்லாம் ஓவனுக்குக் கீழேயே போய்விடும்.

நடுத் தட்டை வைத்துக் கணக்குச் சொன்னேன், ஏனென்றால் கேக்கும் பிஸ்கட்டும் பெரும்பாலும் அங்கேதான் வேகும். கிறிஸ்துமஸ் மாதத்தில் வேலூரில் எத்தனை வீட்டில் கேக் சுடுகிறார்கள் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் எல்லோரும் கேக் சுடுவதில்லை. ஆம்பூர் பக்கம் சில வீடுகளில் சீரக சம்பா பிரியாணியைத் தம்முக்கு ஓவனில் வைக்கிறார்கள். அந்தப் பாத்திரம் உயரமானது, கனமானது. அடித் தட்டைத் தவிர வேறு எங்கும் நுழையாது. அடித் தட்டு பெட்டியின் அடியிலிருந்து 5 அங்குலம்தான். அப்படிச் சமைப்பவர் என்றால் 10-க்குப் பதில் 5-ஐக் கழியுங்கள், ஓவன் 30 அங்குலத்துக்கு ஏறும். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை (2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான்) ஓவனில் சுட்டுக் கொத்சு செய்கிறவர்களுக்கு நடுத் தட்டே போதும். ஆக, உயரம் கேட்கும் முன் நீங்கள் என்ன சமைப்பீர்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மேலே மைக்ரோவேவ், கீழே ஓவன்

இப்போது எல்லோரும் கேட்பது இதுதான். ஒரே உயர அலமாரியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. அதிகமாகத் தவறு நடப்பதும் இங்கேதான், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

மேடைக்கோட்டில், அதாவது 34 அங்குலத்தில் ஓவனை வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நடுத் தட்டு 44 அங்குலம். நம் 5 அடி 1 அங்குலப் பெண்ணின் முழங்கைக்கு 6 அங்குலம் மேலே. ஓவன் 57½-இல் முடியும். நடுவில் முக்கால் அங்குலப் பலகை. அதற்கு மேல் மைக்ரோவேவின் அடி 58 அங்குலத்தைத் தாண்டிவிடும். அது அவருடைய கண் மட்டம். உள்ளே கொதிக்கிற ரசக் கிண்ணம் இருக்கிறது, அதன் விளிம்புகூட அவருக்குத் தெரியாது. கையை உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிண்ணத்தைத் தடவி எடுத்து, முகத்துக்கு நேராக இறக்க வேண்டும்.

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டில் இப்படித்தான் இருந்தது. வேறு யாரோ செய்து கொடுத்த அலமாரி. அந்த அம்மா மைக்ரோவேவ் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தார். பால் சுட வைக்க ஸ்டூலில் ஏறுவார், எடுத்துக்கொண்டு இறங்குவார். ஈரக் காலோடு, கையில் சூடான டம்ளரோடு. பார்த்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அலமாரியைக் கழற்றி, ஓவனுக்குக் கீழே இருந்த உயரமான இழுப்பறையைச் சின்னதாக்கி, இரண்டையும் ஓர் அடி கீழே இறக்கினோம். ஸ்டூல் மொட்டைமாடிக்குப் போனது.

மைக்ரோவேவுக்கு நான் பிடித்துக்கொள்வது தோளை. அதன் அடி, சமைப்பவரின் தோளுக்கு 3 அங்குலமாவது கீழே இருக்கட்டும். அமெரிக்காவின் தேசிய சமையலறை, குளியலறை சங்கம் வெளியிட்டிருக்கிற வழிகாட்டியும் இதையே சொல்கிறது: தோளுக்கு 3 அங்குலம் கீழே, எப்படியும் தரையிலிருந்து 54 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அங்கே ஆட்கள் உயரம், அதனால் 54 என்பது நம் ஊரில் பல பெண்களுக்கு அதிகம். தோள் கணக்கு மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

50-இல் 3 போனால் 47. அங்கே மைக்ரோவேவின் அடி. அதிலிருந்து பலகைக்கு முக்கால் அங்குலம், ஓவனுக்கு 23½ கழித்தால் ஓவனின் அடி 22, 23-க்குள் வரும். 22 என்று எடுத்துக்கொள்ளலாம். நடுத் தட்டு 32 அங்குலம். முழங்கைக்கு 6 அங்குலம் கீழே. நான் முதலில் சொன்ன 35-ஐ விட 3 அங்குலம் இறங்கிவிட்டது, சரிதான். ஆனால் சற்றே குனிந்து தட்டை எடுப்பது ஒரு சின்னச் சிரமம், தலைக்கு மேலிருந்து சூட்டை இறக்குவது ஆபத்து. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் நான் எப்போதும் ஓவனைத்தான் இறக்குவேன்.

இதில் இன்னொரு யோசனையும் உண்டு. உங்கள் வீட்டில் தினமும் ஓடுவது எது? பெரும்பாலான வீடுகளில் மைக்ரோவேவ் நாளைக்குப் பலமுறை ஓடும், ஓவன் வாரத்துக்கு ஒருமுறை ஓடினால் அதிகம். அப்படியென்றால் நல்ல உயரத்தை மைக்ரோவேவுக்குக் கொடுங்கள். கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறவர் என்றால் ஓவனுக்கு 25 அங்குலத்தைக் கொடுத்துவிட்டு, மைக்ரோவேவை அந்த அடுக்கிலிருந்தே எடுத்து மேடையில் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அலமாரிதான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மாமியார் ஒரு உயரம், மருமகள் ஒரு உயரம்

குடியாத்தத்தில் ஒரு வீடு. மாமியார் 5 அடிக்கும் கீழே, மருமகள் 5 அடி 5 அங்குலம். இருவரும் சமைக்கிறவர்கள். நான் சுவரில் கோடு போட்டதும் மருமகளுக்குத் தாழ்வாகத் தெரிந்தது. "ஏங்க்கா, இம்மாம் கீழ வெச்சா நான் குனிஞ்சிட்டே இருக்கணுமே?" என்றார். நியாயமான கேள்வி.

நான் சொன்ன பதில்: மேலே எவ்வளவு போகலாம் என்பதைக் குட்டையானவரை வைத்து முடிவு செய்யணும், கீழே எவ்வளவு இறங்கலாம் என்பதை உயரமானவரை வைத்து. இரண்டு எல்லைக்கும் நடுவில் இடம் இருந்தால் நடுவில் வைக்கலாம். இடமே இல்லை என்றால் குட்டையானவர் பக்கம் சாயணும். உயரமானவர் ஒரு காலைப் பின்னால் வைத்து முட்டியை மடக்கினால் நான்கு அங்குலம் இறங்கிவிடலாம். குட்டையானவர் நான்கு அங்குலம் வளர முடியாது. மருமகள் தானே மாமியாரைச் சுவரோரம் கூட்டிவந்து நிறுத்தி, "அத்தை, கைய மடக்குங்க" என்று இரண்டாவது முறை அளக்கச் சொன்னார்.

சக்கர நாற்காலியில் இருந்தபடி சமைக்கிறவர் வீட்டில் இருந்தால் கணக்கை உட்கார்ந்த நிலையில் எடுங்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போது முழங்கை எங்கே இருக்கிறதோ அதுதான் தட்டின் மட்டம். கீழ்நோக்கித் திறக்கும் கதவு அவருக்கும் தட்டுக்கும் நடுவில் வந்து மறிக்கும். பக்கவாட்டில் திறக்கும் மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பக்கத்து மேடைக்குக் கீழே அலமாரி வைக்காமல் முட்டி நுழைய இடம் விடுங்கள்.

மேடைக்குக் கீழே, அடுப்புக்கு அடியில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு வழி இருந்தால் நான் பரிந்துரைப்பதில்லை. ஸ்கர்ட்டிங்குக்கு மேலே உடனே ஓவன் என்றால் நடுத் தட்டு 14, 15 அங்குலத்தில், முட்டிக்கும் கீழே வரும். ஒவ்வொரு முறையும் குந்தி எழ வேண்டும். இடுப்பு வலி, முட்டி வலி உள்ளவர்களுக்கு ஆகாது. தவழ்கிற, நடை பழகுகிற குழந்தை இருந்தால் சூடான கண்ணாடி அதன் முகத்துக்கு நேரே இருக்கும். இடமே இல்லாத சின்னச் சமையலறையில் இப்படித்தான் வைத்தாக வேண்டும் என்றால், கேஸ் சிலிண்டரை அதன் பக்கத்து அலமாரி அறையில் வைக்காதீர்கள். சிலிண்டர் தனியாக, காற்றோட்டமாக, நிமிர்ந்து நிற்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும்: 25 அங்குலத்தில் வைத்தாலும் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கதவின் கீழ்ப்பகுதி எட்டும். உயரம் மட்டும் குழந்தையைக் காப்பாற்றாது. குழந்தைப் பூட்டு உள்ள மாடலைப் பாருங்கள்.

ஓடிஜி வைத்திருப்பவர்களுக்கு

நம் ஊரில் சுவர் ஓவனை விட ஓடிஜிதான் (மேடைமேல் வைக்கிற சின்னக் கரன்ட் ஓவன்) அதிகம். 33 அங்குல மேடையில் அதை வைத்தால் தட்டு 38-இல் நிற்கும், முழங்கை மட்டம். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், அவ்வளவுதான். மேடைமேல் ஸ்டாண்டு போட்டு ஓடிஜியை ஏற்றி, கீழே மசாலா டப்பா அடுக்குவதைப் பார்க்கிறேன், அது வேண்டாம். புதிதாக மேடை போடுகிறீர்கள் என்றால் ஓரத்தில் இரண்டரை அடி நீளத்துக்கு மட்டும் 30 அங்குல உயரத்தில் தாழ்வான மேடை போடச் சொல்லுங்கள். ஓடிஜிக்கு அது நல்ல இடம். சப்பாத்தி தேய்க்கவும் அந்த உயரம் சுகமாக இருக்கும்.

ஓடிஜியின் மேல்தகடும் பக்கத் தகடும் கடுமையாகச் சுடும். பக்கத்தில் 4 அங்குலம், மேலே ஓர் அடி திறந்தவெளி விடுங்கள். மூடிய அலமாரிக்குள் ஓடிஜியை வைக்கவே கூடாது. மேடையில் வைக்கும் மைக்ரோவேவுக்கும் காற்று வேண்டும், எவ்வளவு இடைவெளி என்று அதன் கையேட்டில் போட்டிருப்பார்கள். மைக்ரோவேவ் கதவு பெரும்பாலும் இடதுபக்கம் திறக்கும். அதனால் இடதுபக்கச் சுவரோடு ஒட்டி வைத்தால் கதவு முழுதாகத் திறக்காது. பாத்திரத்தை இறக்கி வைக்கும் இடம் வலதுபக்கம் இருக்கட்டும்.

ஃபிரிட்ஜ் தலையில் மைக்ரோவேவ் வைப்பது பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜே 4 அடி உயரம். அதற்கு மேல் மைக்ரோவேவ் என்றால் தோள் மட்டம் வந்துவிடும். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் என்றால் தலைக்கு மேல். வைக்காதீர்கள்.

தண்ணீர்த் தட்டுப் பரீட்சை

கணக்கு காகிதத்தில் சரியாக வரும். ஆனால் உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்காமல் நாங்கள் பலகை அறுப்பதில்லை.

கட்டுகிற வீட்டில் செங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஓவன் வரப்போகிற இடத்தில் செங்கல்லை இரண்டு வரிசையாக அடுக்கி மேலே ஒரு பலகை போடுவோம், ஓவன் தட்டு வரவேண்டிய உயரத்துக்கு. அதன்மேல் ஒரு பேக்கிங் தட்டு. தட்டில் அரை அங்குலம் தண்ணீர். சமைக்கப்போகிறவர் கையுறை போட்டுக்கொண்டு வந்து, அந்தத் தட்டைப் பலகைமேல் தன் பக்கம் இழுத்து, தூக்கி, திரும்பி, மேடை இருக்கிற பக்கம் வைக்க வேண்டும்.

தண்ணீர் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். உயரம் அதிகம் என்றால் தூக்கிய உடனே தட்டு தன்னை நோக்கிச் சாயும், தண்ணீர் வயிற்றுப் பக்கம் வழியும். அந்த இடத்தில் கொதிக்கிற எண்ணெயோ கோழியின் சாறோ இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதே இல்லை, அவர்களே பின்வாங்கிவிடுவார்கள். தாழ்வாக இருந்தால் தூக்கும்போது முன்பக்கம் வழியும், முதுகும் வளைந்திருக்கும். சரியான உயரத்தில் தண்ணீர் லேசாக அலையும், வெளியே வராது. ஒரு செங்கல்லை எடுத்து, ஒரு செங்கல்லைச் சேர்த்து, மறுபடி செய்து பாருங்கள். செங்கல்லின் கனம் 3 அங்குலம், அவ்வளவு துல்லியம் போதாது என்றால் டைல்ஸ் துண்டுகளைச் செருகிக்கொள்ளலாம். வழியாத உயரம் கிடைத்ததும் சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் தேதியோடு எழுதி, போனில் படம் எடுத்துவிடுங்கள். பூச்சு ஆள் வந்து அழித்துவிட்டுப் போவார்.

எந்தத் தரையிலிருந்து அளப்பது

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். அளவெடுக்கும் நேரத்தில் பல வீடுகளில் தரை போட்டிருக்காது. கான்கிரீட்டுக்கு மேல் கலவையும் டைல்ஸும் வந்தால் தரை 2, 3 அங்குலம் ஏறும். நீங்கள் வெறும் கான்கிரீட்டிலிருந்து 25 என்று அளந்தால், குடிபோகும்போது அது 22 ஆகிவிடும்.

மேஸ்திரியிடம் லெவல் மார்க் எங்கே என்று கேளுங்கள். டியூபில் தண்ணீர் விட்டு வீடு முழுக்க ஒரே மட்டத்தில் ஒரு கோடு போட்டிருப்பார். அது முடிந்த தரையிலிருந்து எத்தனை அடி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் 3 அடி வைத்திருப்பார்கள். அப்புறம் எல்லா அளவையும் அந்தக் கோட்டிலிருந்தே எடுங்கள். ஓவனின் அடி 25 என்றால், 3 அடிக் கோட்டுக்கு 11 அங்குலம் கீழே. சமைப்பவரின் முழங்கையை மட்டும் அவர் நிற்கும் தரையிலிருந்து அளக்க வேண்டும், அது வேறு கணக்கு. செங்கல் பரீட்சையையும் நிற்கும் தரையிலிருந்தே செய்துவிட்டு, கிடைத்த உயரத்தை லெவல் கோட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடப்பா கல் அலமாரியில் ஓவன் வைக்கப்போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கல்லைச் சுவரில் பதித்துவிட்டால் பதித்ததுதான். நினைத்த உயரத்துக்கு 2 அங்குலம் தாழ்வாகவே கல்லைப் போடுங்கள். அப்புறம் மேலே பலகை வைத்து ஏற்றிக்கொள்ளலாம். உயரமாகப் போட்ட கல்லை இறக்க முடியாது.

எலக்ட்ரீஷியன் சுவரில் ஒயருக்குக் காடி வெட்டும் முன்

உயரம் முடிவான அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிளக் பாயின்ட் ஓவனுக்கு நேர் பின்னால் வரக்கூடாது. பிளக் தலை தட்டி, ஓவன் உள்ளே போகாமல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், காற்றோட்டமும் அடைபடும். பக்கத்து அலமாரியிலோ ஓவனுக்கு மேலே உள்ள அறையிலோ பிளக் வைத்து, சுவிட்சை மட்டும் கை எட்டும் இடத்தில் மேடைக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். எரிகிற ஓவனை அணைக்க அதன் முன்னால் குனிந்து கைவிட்டுத் தேடக்கூடாது.

3000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், டிபி பாக்ஸிலிருந்து (வீட்டுக்குக் கரன்ட் பிரிகிற பெட்டி) தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், தனி எம்சிபி (லோடு அதிகமானால் தானே விழுகிற சுவிட்ச்), சரியான எர்த், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்). இதில் எதையும் குறைக்காதீர்கள். இன்வெர்ட்டர் லைனில் ஓவனைச் சேர்க்கக் கூடாது என்று எலக்ட்ரீஷியனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சமையலறைப் பாயின்ட் எல்லாவற்றையும் இன்வெர்ட்டருக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆசாரிக்குச் சொல்ல வேண்டியது

ஓவன் 30, 40 கிலோ இருக்கும். அது உட்காரும் பலகை 18 மில்லிமீட்டர் 710 தர (தண்ணீர் தாங்குகிற) பிளைவுட்டாக இருக்கட்டும். பக்கப் பலகையில் வெறும் ஸ்க்ரூவை நம்பாமல், கீழே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்துத் தாங்கு கொடுக்க வேண்டும். உள் அகலம் 56 சென்டிமீட்டர், ஆழம் 55-க்குக் குறையாமல். சரியான அளவை வாங்கப்போகும் மாடலின் கையேட்டிலிருந்து எடுங்கள், ஓவன் வாங்காமல் அலமாரி அறுக்க விடாதீர்கள். பின்பலகை வேண்டாம், திறந்தே இருக்கட்டும். அடிப்பலகையின் பின்பக்கத்திலும் 2 அங்குலம் வெட்டிவிட்டால் கீழிருந்து காற்று ஏறும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிறது, அடைத்த பெட்டிக்குள் ஓவன் அந்தச் சூட்டோடும் சேர்ந்து தவிக்கும். ஓவனுக்கு நேர் மேலறையில் எண்ணெய், வெல்லம், மசாலா வைக்காமல் பாத்திரம் வையுங்கள்.

கதவைத் திறந்தால் அது 18 முதல் 20 அங்குலம் முன்னால் வரும். அதற்குப் பிறகு நீங்கள் நிற்க வேண்டும். ஓவனுக்கு எதிரே 4 அடி இருந்தால் நிம்மதி. 8 அடி அகலச் சமையலறையில் இருபுறமும் 2 அடி போனால் சரியாக 4 அடி கிடைக்கும். ஓவனுக்குப் பக்கத்திலேயே 15 அங்குலமாவது காலி மேடை வேண்டும், தட்டை எடுத்ததும் வைக்க. அதில் மிக்ஸியை வைத்து நிரப்பிவிடாதீர்கள். வாஸ்து பார்ப்பவர்கள் அக்னி மூலை என்று எந்தச் சுவரைச் சொன்னாலும் நான் மறுப்பதில்லை. எந்தச் சுவரானாலும் முழங்கைக் கணக்கு மாறாது. அடுப்பை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், எண்ணெய்ப் புகையும் தீயின் சூடும் அலமாரியின் மைக்காவை உரித்துவிடும்.

ஓவனை உள்ளே தள்ளியதும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் கேக் ஒருபக்கம் ஏறும். கதவைத் திறந்தால் சட்டத்தில் ஸ்க்ரூ துளைகள் தெரியும், அவற்றில் ஸ்க்ரூ போட்டு அலமாரியோடு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கனமான தட்டு கதவுமேல் உட்காரும்போது ஓவன் முன்னால் சாயும். அவசரத்தில் ஆட்கள் இதை விட்டுவிடுவார்கள், கூட நின்று போடச் சொல்லுங்கள். அப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஓவனை வெறுமையாக அதிகச் சூட்டில் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். புதுப் பூச்சின் வாடையும் லேசான புகையும் வரும், பயப்பட வேண்டாம். ஆறியதும் உள்ளே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அதே தண்ணீர்த் தட்டை நடுத் தட்டில் வைத்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வழிந்தால், ஆட்கள் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.